ஆய்விதழ் மூடியது, ஆய்வு எங்கே போனது?

2020ஆம் ஆண்டோடு அமெரிக்க வேதியியல் கழகம் தன் ஆய்விதழ்களில் ஒன்றை நிறுத்திவிட்டது. ‘ஏசிஎஸ் காம்பினேட்டோரியல் சயின்ஸ்’ என்பது அதன் கடைசிப் பெயர். 1999இல் ‘ஜர்னல் ஆஃப் காம்பினேட்டோரியல் கெமிஸ்ட்ரி’ என்று தொடங்கி, 2011இல் பெயர் மாறி, 22 ஆண்டுகள் வந்த இதழ் அது. மாதத்துக்கு ஒரு புது ஆய்விதழ் முளைக்கும் காலத்தில், இவ்வளவு பெரிய கழகம் நடத்திய இதழ் ஒன்று மூடப்படுவது அடிக்கடி நடக்கும் காரியமில்லை. தலைப்பில் ‘காம்பினேட்டோரியல்’ என்ற சொல் வரும் வேதியியல் கட்டுரைகளைத் தரவுத்தளங்களில் தேடிப் பார்த்தாலும் இதே போக்குதான் தெரியும். 1990களின் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும் கோடு.

அந்தக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு இந்தத் துறை தோற்றுப்போனது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. மருந்து நிறுவனங்கள் இதில் கொட்டிய பணத்தையும் கையில் வந்த மருந்துகளையும் ஒப்பிட்டால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் கட்டுரைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அவற்றுக்குள் என்ன எழுதப்பட்டது, எது எழுதப்படாமல் விடுபட்டது, எந்தப் புதுப் பெயர்களுக்குள் அவை போய்ச் சேர்ந்தன என்று பார்த்தால் வேறு ஒரு வரலாறு கிடைக்கிறது. எனக்கு அதுதான் உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது.

வழக்கமான கரிம வேதியியலில் ஒரு நேரத்தில் ஒரு சேர்மம்தான். குடுவையில் வினையை நடத்த வேண்டும், விளைபொருளைப் பிரித்தெடுக்க வேண்டும், தூய்மைப்படுத்த வேண்டும், அது நாம் நினைத்த மூலக்கூறுதான் என்று நிறமாலை எடுத்து உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகே அடுத்தது. மருந்து தேடும் வேதியியலாளர் ஒருவர் ஆண்டு முழுக்க உழைத்தாலும் இப்படி நூறு சேர்மங்களைத் தொடுவது கடினம். காம்பினேட்டோரியல் வேதியியல், அதாவது சேர்வியல் வேதியியல், இந்த வரிசையை உடைக்கிறது. சில அடிப்படைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு, அவை ஒன்றோடொன்று இணையக்கூடிய எல்லா விதங்களிலும் இணைத்து, ஆயிரமோ லட்சமோ மூலக்கூறுகளை ஒரே மூச்சில் உண்டாக்குகிறது. அந்தத் தொகுதிக்கு மூலக்கூறு நூலகம் என்று பெயர். பிறகு நூலகம் முழுவதையும் ஒரு புரதத்தோடோ கிருமியோடோ மோதவிட்டு, எது ஒட்டுகிறது, எது வேலை செய்கிறது என்று பார்க்கிறார்கள்.

இதற்கு அடித்தளம் போட்டவர் புரூஸ் மெரிஃபீல்டு. 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், பெப்டைடு சங்கிலியின் முதல் அமினோ அமிலத்தைப் பாலிஸ்டைரீன் மணி ஒன்றில் கட்டிப்போட்டார். அடுத்தடுத்த அமினோ அமிலங்களை அதன்மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஒவ்வொரு படியிலும் மிஞ்சிய வேதிப்பொருளைக் கரைப்பான் ஊற்றிக் கழுவி வடிகட்டினால் போதும், வளரும் சங்கிலி மணியோடு ஒட்டியே இருக்கும். பிரித்தெடுக்கும் பெரும்பாடு வடிகட்டுவதாகச் சுருங்கியது. 1984இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1984இல் ஆஸ்திரேலியாவில் மரியோ கெய்சன், கோமாரி நோய்க் கிருமியின் புரதத்தில் எந்தப் பகுதியை எதிர்ப்புரதம் அடையாளம் காண்கிறது என்று கண்டறிய, வரிசையாக நட்ட பிளாஸ்டிக் ஊசிகளின் நுனியில் நூற்றுக்கணக்கான பெப்டைடுகளை ஒரே சமயத்தில் வளர்த்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு ஹவுட்டன், மணிகளைச் சிறு சிறு வலைப் பைகளில் போட்டு, பொதுவான படிகளுக்கு எல்லாப் பைகளையும் ஒரே பாத்திரத்தில் முக்கினார். ‘தேநீர்ப் பை முறை’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நான்கு வாரத்துக்குள் 248 பெப்டைடுகளைச் செய்துவிட்டதாக அவர் கட்டுரை சொல்கிறது. அந்தக் காலத்தில் அது நம்ப முடியாத எண்.

ஆனால் எண்ணிக்கையை லட்சங்களுக்குக் கொண்டுபோன யோசனை ஹங்கேரியில் பிறந்தது. புடாபெஸ்டில் ஆர்பாட் ஃபுர்கா கண்ட முறை, பிரித்துக் கலப்பது. மணிகளை 20 சம பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் ஓர் அமினோ அமிலத்தை இணைக்க வேண்டும். பிறகு எல்லா மணிகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, மறுபடி 20 பங்காகப் பிரித்து, அடுத்த அமினோ அமிலத்தை இணைக்க வேண்டும். இரண்டாம் சுற்று முடிவில் 400 வகை. மூன்றாவதில் 8000. நான்காவதில் 1,60,000. ஐந்தாவதில் 32 லட்சம். இதற்கு நடத்த வேண்டிய இணைப்பு வினைகளோ வெறும் 100, சுற்றுக்கு இருபதாக ஐந்து சுற்று. உழைப்பு கூட்டலில் ஏறுகிறது, விளைவு பெருக்கலில் ஏறுகிறது. இதைவிட அழகான இன்னொன்றும் இதில் இருக்கிறது. எந்த மணியும் ஒரு சுற்றில் ஒரே ஒரு பாத்திரத்துக்குள்தான் இருந்திருக்க முடியும். ஆகவே 32 லட்சம் வகைகளும் கலந்து கிடந்தாலும், ஒரு தனி மணியின் மேல் இருப்பது ஒரே வகைப் பெப்டைடுதான்.

ஃபுர்கா இந்த யோசனையை 1982இல் எழுதி, நோட்டரியிடம் சான்று பெற்று வைத்துக்கொண்டார். அறிவியல் உலகின் முன் அதை வைத்தது 1988இல்தான், அதுவும் பிராகிலும் புடாபெஸ்டிலும் நடந்த மாநாடுகளில் சுவரொட்டி வடிவில். பிராக் சுவரொட்டியின் தலைப்பில் பெப்டைடுகளின் அட்சய பாத்திரம் என்ற பொருள் இருந்தது, புடாபெஸ்டில் குறைந்த உழைப்பில் அதிகப் பெப்டைடுகள் என்ற பொருள். முழுக் கட்டுரை பெப்டைடு ஆய்வாளர்கள் மட்டும் படிக்கும் இதழ் ஒன்றில் 1991இல் வந்தது. அதே 1991 நவம்பரில் ‘நேச்சர்’ இதழ் இரண்டு கட்டுரைகளை அடுத்தடுத்த பக்கங்களில் வெளியிட்டது. ஒன்று அரிசோனாவிலிருந்து கிட் லாம் குழு எழுதியது, மற்றொன்று ஹவுட்டன் குழுவுடையது. உலகம் இந்தத் துறையைத் தெரிந்துகொண்டது அந்தப் பக்கங்கள் வழியாகத்தான். முன்னுரிமை ஃபுர்காவுக்கு உரியது என்பதை இன்று துறையினர் ஒப்புக்கொள்கிறார்கள், அந்த நோட்டரிக் காகிதமும் அவருக்குத் துணை நிற்கிறது. இருந்தாலும், நல்ல யோசனை எந்த நாட்டில், எந்த மொழியில், எந்த இதழில் முதலில் பதிவாகிறது என்பது அது பரவும் வேகத்தை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

லாம் குழுவின் கட்டுரையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அவர்கள் 19 அமினோ அமிலங்களை வைத்து ஐந்து நீளப் பெப்டைடுகள் செய்தார்கள். சிஸ்டீனை மட்டும் விட்டுவிட்டார்கள். கணக்குப்படி 24,76,099 சாத்தியங்கள். லட்சக்கணக்கான மணிகளை ஒரு புரதக் கரைசலில் ஊறவைத்தார்கள். அந்தப் புரதத்தோடு ஒரு நொதியை முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். புரதம் எந்த மணியில் ஒட்டுகிறதோ அங்கே நொதியும் நிற்கும். நிறமாக மாறும் வேதிப்பொருளைச் சேர்த்தவுடன் அந்த மணி மட்டும் நீலப்பச்சையாக மாறும். நிறமற்ற மணிக் குவியலுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறம் ஏறிய மணிகளை நுண்ணோக்கியில் பார்த்து நுண்ணிய இடுக்கியால் பொறுக்கினார்கள். பொறுக்கிய மணியைக் கழுவி, அதன் மேலுள்ள பெப்டைடின் வரிசையைக் கருவியில் படித்தார்கள். சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள ஒரு மணிதான் சோதனைக் குழாய், அதுவேதான் விடை.

ஆய்வுக்கட்டுரை என்ற வடிவத்துக்கே இது ஒரு நெருக்கடியைக் கொண்டுவந்தது. இதைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. கரிம வேதியியல் இதழ்களில் எழுதப்படாத சட்டம் போல் ஒரு நடைமுறை உண்டு. புதுச் சேர்மம் ஒன்றைச் செய்ததாகச் சொன்னால், அதன் உருகுநிலை, என்.எம்.ஆர். நிறமாலை, நிறைநிறமாலை, தனிமப் பகுப்பாய்வு என்று எல்லாத் தரவையும் கொடுக்க வேண்டும். சேர்மம்தான் கட்டுரையின் அலகு. 24 லட்சம் சேர்மங்களைச் செய்தவர் என்ன கொடுப்பார்? பெரும்பாலானவற்றை அவர் தனியாகக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆக, அலகு மாறியது. ஒரு நூலகம், அதைக் கட்டிய வழி, மாதிரிக்கு எடுத்த சிலவற்றின் முழுத் தரவு, மற்றவற்றுக்கு நிறைநிறமாலையும் தூய்மை சதவீதமும், கடைசியில் வெற்றிபெற்ற சில மூலக்கூறுகள். இதுதான் புதுக் கட்டுரையின் உடற்கட்டு. பழைய இதழ்களில் இதற்கு இடம் நெருக்கடியாக இருந்தது. தனி இதழ் வேண்டும் என்ற குரலுக்குப் பின்னால் இந்தத் தேவையும் இருந்தது.

பெப்டைடுகளோடு நின்றிருந்தால் மருந்து நிறுவனங்கள் இவ்வளவு ஆர்வம் காட்டியிருக்காது. வாய்வழி உட்கொண்டால் பெப்டைடு குடலிலேயே உடைந்துவிடும். 1992இல் பெர்க்லியில் பாரி பியூனினும் ஜொனாதன் எல்மனும், டயஸிபாம் போன்ற தூக்க, பதற்ற மருந்துகளின் அடிச்சட்டமான பென்ஸோடையஸிபைன்களை மணிமேல் கட்டிக் காட்டினார்கள். முதல் கட்டுரையில் பத்துச் சேர்மங்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே அடிச்சட்டத்தில் 192. அதே 1992இல் சிட்னி பிரென்னரும் ரிச்சர்டு லெர்னரும் ஒரு முழுக்கக் கோட்பாட்டுக் கட்டுரை எழுதினார்கள். மணியில் மூலக்கூறு வளரும்போதே அதன் வரலாற்றை டிஎன்ஏ எழுத்துகளில் கூடவே எழுதி வைக்கலாம் என்பது அவர்கள் யோசனை. அந்தச் சமயத்தில் அது வெகுதூரக் கனவாகத்தான் இருந்தது.

அதன்பின் வெள்ளம். 1995இல் கிளாக்ஸோ நிறுவனம், மூலக்கூறு நூலகங்களுக்காகவே தொடங்கப்பட்ட அஃபிமேக்ஸை 50 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதே ஆண்டு ‘மாலிக்யூலர் டைவர்சிட்டி’ இதழ் பிறந்தது. 1996இல் ‘அக்கவுண்ட்ஸ் ஆஃப் கெமிக்கல் ரிசர்ச்’ இத்துறைக்கென்று சிறப்பிதழ் கொண்டுவந்தது. 1998இல் இன்னொரு தனி இதழ், 1999இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழ். கழக இதழின் முதல் வெளியீட்டிலேயே ஒரு நல்ல காரியம் நடந்தது. மைக்கேல் லெப்ல், துறையின் ஆதாரக் கட்டுரைகளை எழுதியவர்களிடம் அவை பிறந்த கதையைக் கேட்டு வாங்கித் தொகுத்து வெளியிட்டார். பத்து வருடம்கூட முழுதாக ஆகாத துறை தன் வரலாற்றை எழுதத் தொடங்கியது சற்று அவசரம் போலத் தோன்றலாம். எனக்கு அது பெரிய கொடை. யாருக்கு எந்த யோசனை எப்போது வந்தது என்பது சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவாகிவிட்டது.

ரோலண்ட் டோல் என்பவர் செய்த வேலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1992 முதல் 1997 வரை வெளியான, உயிரியல் விளைவு காட்டிய நூலகங்கள் எல்லாவற்றையும் திரட்டி 1998இல் ஒரு மதிப்பாய்வு எழுதினார். அதோடு விடவில்லை. 2010ஆம் ஆண்டு வரை வெளியான நூலகங்களை ஆண்டுதோறும் தேடித் தொகுத்து அட்டவணையிட்டார். எந்த அடிச்சட்டம், எத்தனை சேர்மம், எந்தப் புரதத்துக்கு எதிராக, என்ன பலன் என்று வரிசையாகப் போகும் அந்தப் பக்கங்கள் படிக்கச் சுவாரசியமானவை அல்ல. ஆனால் ஒரு துறை தன் விளைச்சலை ஆண்டுக் கணக்கில் இவ்வளவு பொறுமையாக எண்ணி வைத்ததற்கு வேறு உதாரணம் எனக்கு எளிதில் நினைவுக்கு வரவில்லை. தொடக்க ஆண்டுகளில் பெப்டைடுகள், பெரும் கலவைகள். போகப் போகச் சிறிய, தனித்தனியாகத் தூய்மைப்படுத்திய, மருந்து போலத் தோற்றமளிக்கும் மூலக்கூறுகளின் நூலகங்கள். எண்ணிக்கை மோகம் தணிந்து தரத்தின் பக்கம் சாய்ந்த திருப்பம் அந்த அட்டவணைகளில் பதிந்திருக்கிறது.

அந்தத் திருப்பத்துக்குக் காரணம் ஏமாற்றம். 1997இல் ஃபைசரின் கிறிஸ்டோபர் லிபின்ஸ்கி குழு எழுதிய கட்டுரை மருந்து வேதியியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்று. மூலக்கூறு எடை 500ஐத் தாண்டக் கூடாது, கொழுப்பில் கரையும் தன்மை ஓர் அளவை மீறக் கூடாது என்பது போன்ற எளிய வரம்புகளை அது வகுத்தது. வாய்வழி மருந்து குடலில் உறிஞ்சப்பட வேண்டுமானால் இந்த வரம்புகளுக்குள் இருப்பது நல்லது. இந்த விதிகள் தேவைப்பட்டதே, பெருந்திரள் சோதனையிலும் சேர்வியல் முறையிலும் வந்த மூலக்கூறுகள் பருத்தும் கொழுப்புத்தன்மை ஏறியும் போய்க்கொண்டிருந்ததால்தான். மணிமேல் துண்டுக்கு மேல் துண்டு சேர்ப்பது எளிதாக இருந்தது. சேர்க்கச் சேர்க்க மூலக்கூறு எடை ஏறியது. எளிதில் நடக்கும் வினைகளையே எல்லாரும் பயன்படுத்தியதால் லட்சம் மூலக்கூறுகள் இருந்தும் அவற்றின் உருவங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன.

2007இல் டேவிட் நியூமனும் கார்டன் கிராக்கும், 1981 முதல் 2006 நடுப்பகுதி வரை அனுமதி பெற்ற மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று கணக்கெடுத்தார்கள். முற்றிலும் சேர்வியல் நூலகத்திலிருந்து முளைத்தது என்று அவர்களால் சுட்ட முடிந்தது ஒன்றே ஒன்றுதான், சொராஃபெனிப். பேயர், ஆனிக்ஸ் நிறுவனங்கள் 1995இல் ஒரு புற்றுநோய் நொதிக்கு எதிராகச் சுமார் 2 லட்சம் சேர்மங்களைச் சோதித்து ஒரு பலவீனமான தடயத்தைப் பிடித்தன. மூலக்கூறின் ஒரு பக்கத்தை மாற்றிப் பார்ப்பது, பிறகு மறுபக்கத்தை மாற்றிப் பார்ப்பது என்ற வழக்கமான முறை ஒரு கட்டத்துக்கு மேல் நகரவில்லை. இரண்டு பக்கங்களையும் சேர்த்து மாற்றிய ஏறத்தாழ ஆயிரம் சேர்மங்களின் நூலகம் புது வழியைக் காட்டியது. 2005 டிசம்பரில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. இந்திய வாசகர்களுக்கு இந்த மருந்து வேறு காரணத்தால் நினைவிருக்கலாம். 2012 மார்ச்சில் இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது இதற்குத்தான். மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த மருந்தை நாட்கோ நிறுவனம் 8,880 ரூபாய்க்கு விற்க வழி பிறந்தது.

இருபத்தைந்து ஆண்டில் ஒன்று என்ற கணக்கு துறையைக் கடுமையாகத் தாக்கியது. அதன் பெயரே சங்கடமானது. ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பவர் தலைப்பில் அந்தச் சொல்லைத் தவிர்த்தார். ‘இணைத் தொகுப்பு’, ‘பன்மை நோக்குத் தொகுப்பு’, ‘உயர்வேகப் பரிசோதனை’ என்று வேறு பெயர்கள் வந்தன. கோடு கீழே இறங்கியதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்தக் கணக்கிலேயே ஒரு குறை இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. முதல் தடயம் எங்கிருந்து வந்தது என்று மட்டும்தான் அது கேட்டது. வேறு வழியில் கிடைத்த தடயத்தைச் செப்பனிட, நாற்பதோ நூறோ சேர்மங்களை வரிசையாகக் குழிகள் கொண்ட தட்டில் ஒரே நாளில் செய்து பார்ப்பது இதற்குள் எல்லா மருந்து ஆய்வகங்களிலும் அன்றாடப் பழக்கமாகிவிட்டிருந்தது. அதை யாரும் சேர்வியல் வேதியியல் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அதனால் எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை.

முறை எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மார்ட்டன் மெல்டல் நல்ல சான்று. டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் அவர் குழு லட்சக்கணக்கான மூலக்கூறுகள் கொண்ட நூலகங்களைக் கட்டிக்கொண்டிருந்தது. மணிமேல் ஓர் அல்கைனை அமிலக் குளோரைடோடு இணைக்க முயன்றபோது எதிர்பார்த்த வினை நடக்கவில்லை. அமிலக் குளோரைடு மூலக்கூறின் மறுமுனையில் இருந்த அசைடோடு அல்கைன் இணைந்து, உறுதியான வளையம் ஒன்று உருவாகியிருந்தது. செம்பு அயனிகள் அதை ஊக்கின. 2001 ஜூனில் சான் டியேகோ மாநாட்டில் அதைச் சொன்னார், 2002இல் கட்டுரை வந்தது. ‘கிளிக் வேதியியல்’ என்று இன்று உலகம் கொண்டாடுவதன் மையமான வினை அது. 2022இல் பாரி ஷார்ப்லெஸ், கரோலின் பெர்டோஸி ஆகியோரோடு மெல்டலுக்கும் நோபல் கிடைத்தது. 2002 கட்டுரையின் தலைப்பிலேயே திண்மநிலையில் பெப்டைடு செய்யும் முறை இருக்கிறது. அந்த வினையின் தொட்டில் மூலக்கூறு நூலகம்தான்.

பிரென்னரும் லெர்னரும் கண்ட டிஎன்ஏ கனவும் நனவானது. 2009இல் கிளாக்ஸோஸ்மித்கிளைன் ஆய்வாளர்கள் 80 கோடி சேர்மங்கள் கொண்ட டிஎன்ஏ குறியிட்ட நூலகத்தைப் பற்றி எழுதினார்கள். ஒவ்வொரு மூலக்கூறின் வாலிலும் அது எப்படிப் பிறந்தது என்று சொல்லும் டிஎன்ஏ. முழு நூலகமும் ஒரு சிறு குழாயில் அடங்கும். மணி தேவையில்லை, பிரித்துக் கலக்கும் ஃபுர்காவின் தர்க்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. புரதத்தில் ஒட்டிக்கொண்டவற்றின் வாலைப் படிக்க நவீன மரபணு வரிசைக் கருவி போதும். இன்று இந்த வகைக் கட்டுரைகள் பெருகுகின்றன. ஆனால் தலைப்பில் பழைய சொல்லைத் தேடினால் பல கிடைக்காது.

பொருள் அறிவியலில் இந்தச் சிந்தனை இன்னும் பழையது. அம்மோனியா தயாரிக்கும் வினையூக்கியைத் தேடி, ஆல்வின் மிட்டாஷ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் சுமார் 2500 வினையூக்கிகளை 6500 முறை சோதித்தார். 1970இல் ஜோசப் ஹனக் ஒரே தகட்டில் பல கலவைகளைப் படியவைக்கும் முறையை எழுதினார், அப்போது கவனித்தவர்கள் குறைவு. 1995இல் பீட்டர் ஷுல்ட்ஸும் சியாவ்-டாங் சியாங்கும் ஒரே தகட்டில் 128 மீக்கடத்திக் கலவைகளை இட்டு ‘சயின்ஸ்’ இதழில் எழுதியபோதுதான் வாசல் திறந்தது.

இந்தியாவின் பங்கு வேறு வாசல் வழியாக வந்தது. மணிகளும் ரோபோக்களும் விலை அதிகம். மூன்று நான்கு பொருள்களை ஒரே குடுவையில் போட்டு ஒரே படியில் சிக்கலான மூலக்கூறை உண்டாக்கும் பல்கூறு வினைகளுக்கு அந்தச் செலவு இல்லை. பிஜினெல்லி 1890களிலும் ஊகி 1959இலும் கண்டவை இப்படிப்பட்ட வினைகள்தாம். பத்து ஆல்டிஹைடு, பத்து அமீன், பத்து கீட்டோன் இருந்தால் ஆயிரம் சேர்மங்கள், சாதாரணப் பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே. இந்தியா, சீனா, ஈரான் ஆய்வாளர்களின் கட்டுரைகள் இத்துறை இதழ்களில் குவிந்தது இந்த வழியில்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழக வேதியியல் துறையிலிருந்தும் இப்படிச் செய்த வளையச் சேர்மங்களைக் காசநோய்க் கிருமிக்கு எதிராகச் சோதித்த ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரிய மருந்து நிறுவனங்கள் ஆர்வம் காட்டாத ஒரு நோயை நோக்கி இந்த முறை திரும்பியதை நான் முக்கியமான நிகழ்வாகக் கருதுகிறேன்.

இந்தக் கட்டுரைகளிலும் மேலைநாட்டுக் கட்டுரைகளிலும் பொதுவாக ஒரு குறை இருக்கிறது. அட்டவணையில் விளைச்சல் 92, 88, 85 என்று போகும். நடக்காத வினை அநேகமாக இருக்காது. மாணவர் முப்பது ஆல்டிஹைடுகளை முயன்றிருப்பார், பதினெட்டு நடந்திருக்கும், பதினெட்டும் அச்சாகும். மீதிப் பன்னிரண்டு அவருடைய குறிப்பேட்டோடு அலமாரிக்குள் போய்விடும். நிறுவனங்களில் இது இன்னும் மோசம். நூலகம் முழுவதும் வணிக ரகசியம், வெற்றி மட்டும் காப்புரிமையாக வெளியே வரும். டிஎன்ஏ நூலகக் கட்டுரைகளில்கூட, அடிப்படைத் துண்டுகள் எவை என்ற முழுப் பட்டியல் அரிதாகவே கிடைக்கிறது. லட்சக்கணக்கில் ‘ஒட்டவில்லை’ என்ற விடையைத் தரக்கூடிய ஒரு முறையிலிருந்து, ஒட்டிய ஐந்தை மட்டும் எடுத்து வெளியிடுகிறோம்.

இயந்திரக் கற்றல் வந்தபோது இந்தக் குறை பட்டவர்த்தனமானது. எந்த வினை நடக்கும் என்று கணினிக்குக் கற்றுத்தர வேண்டுமானால், நடக்காத வினைகளும் அதற்குத் தெரிய வேண்டும். 2015இல் மெர்க் ஆய்வாளர்கள், வினைக்கு 0.02 மில்லிகிராம் அளவுகூடப் போதும் என்று காட்டி, ஒரு நாளுக்குள் 1500க்கும் மேற்பட்ட வினைகளை நடத்தினார்கள். 2018இல் பிரின்ஸ்டனின் அபிகெய்ல் டாய்ல் குழு மெர்க்கோடு சேர்ந்து, ஒரே வகை வினையின் 4000க்கும் மேற்பட்ட சேர்க்கைகளை ரோபோவால் நடத்தி, விளைச்சல் சுழியமானவை உட்பட எல்லாவற்றையும் கொண்டு விளைச்சலை முன்கணிக்கும் மாதிரியை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. தரவும் பொதுவில் வந்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவிலிருந்து காங்வே சுவாங்கும் மைக்கேல் கைசரும் அந்தத் தரவை எடுத்து, வேதியியல் விவரங்களுக்குப் பதிலாக வெறும் எழுந்தமான எண்களைக் கொடுத்தாலும் மாதிரி ஏறக்குறைய அதே அளவு கணிக்கிறது என்று காட்டி, அதே இதழில் எதிர்க்குறிப்பு எழுதினார்கள். டாய்ல் குழு மேலும் சோதனைகளோடு பதில் எழுதியது. வாதம் முழுக்க அச்சில் நடந்தது. எதையும் மறைக்காமல் தரவைக் கொடுத்ததால்தான் அது நடக்க முடிந்தது. பதினெட்டு வெற்றிகள் மட்டும் உள்ள அட்டவணையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வாதத்தைத் தொடங்கவே முடியாது.

2021இல் அறிவிக்கப்பட்ட திறந்த வினைத் தரவுத்தளம் இப்போது யாரும் தங்கள் வினைகளை ஒரே வடிவத்தில் பதிவேற்ற இடம் தருகிறது. நடக்காத வினைகளுக்கும் அதில் இடம் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வேட்டோடு மூலத் தரவையும் இப்படிப் பதிவேற்றுவதைக் கட்டாயமாக்கினால், பல்கூறு வினைகளில் நாம் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் குறிப்பேடுகள் உலகில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு தொகுப்பாகும். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நெறியாளர் ஒருவர் தன் மாணவரிடம், நடக்காத அந்தப் பன்னிரண்டையும் தட்டச்சு செய்யச் சொன்னால் போதும்.